இரும்பு வழி – 17: ஓமந்தைக்கு வடக்கே

கொழும்பிலிருந்து கிளம்பிய முதல் ரயில் 1905 ஆகஸ்டில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததோடு சென்ற இதழை நிறுத்தியிருந்தோம். அதற்குப் பின் வந்த அரை நூற்றாண்டை விரைந்து கடந்துவிடலாம். நிலக்கரி, நீராவி, இரவு மெயில், சாமான் பெட்டி நிறையப் புகையிலைச் சிப்பம். பாதை ஓடியது. ஊர் அதை நம்பி வாழப் பழகிக்கொண்டது. கதை சூடு பிடிப்பது 1956-இல்தான்.

அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்த தேர்தலில் வென்று எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க பிரதமரானார். அதே மாதம், கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ‘யாழ்தேவி’ என்ற கடுகதி ரயில் முதன்முதலாக வடகோடியிலுள்ள காங்கேசன்துறைக்குப் புறப்பட்டது. அடுத்து வந்த ஜூன் மாதத்திலேயே சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வடக்கைத் தெற்கோடு நெருக்கிக் கட்டிய ரயிலும், இரண்டையும் பிரித்து வைத்த சட்டமும் இரண்டு மாத இடைவெளியில் பிறந்தவை. இலங்கை ரயில்வேயின் பின்னாளைய கதையைப் படிக்கும்போது இந்தத் தேதிகளை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

யாழ்தேவிக்குப் பின்னால் இருந்தவர் பி.டி. ரம்பால. பிரதான இயந்திரப் பொறியாளர் பதவியில் அமர்ந்த முதல் இலங்கையர். 1955-இலிருந்து 1970 வரை ரயில்வேயின் பொது முகாமையாளர். நீராவியைக் கழற்றிவிட்டு டீசலுக்கு மாறியதில் ஆசியாவிலேயே முந்திக்கொண்ட நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்ததற்கு அவர்தான் முதல் காரணம். கொழும்புத் திட்ட உதவியாகக் கனடாவிலிருந்து வந்த எஞ்சின்களுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, மனிடோபா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள். ரயில்களுக்கோ நம் ஊர்ப் பெண் பெயர்கள்: யாழ்தேவி, உடரட்ட மெனிக்கே, ருகுணு குமாரி, உதயதேவி. எண்ணால் மட்டும் அறியப்பட்ட வண்டிக்கு ஒரு பெயர் வைத்தால் சனங்கள் அதைத் தங்கள் சொத்தாக எடுத்துக்கொள்வார்கள் என்று கண்ட மனிதர் அவர். காலையில் கோட்டையில் ஏறியவர் பிற்பகலில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். ஏறத்தாழ 400 கிலோமீட்டர்.

அதில் யார் ஏறினார்கள் என்பது முக்கியம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை, பெரிய வயல்வெளி இல்லை. கிணற்றுத் தண்ணீரை நம்பிய தோட்டங்களும் பனையும்தான். அங்கே மிஷன் பள்ளிக்கூடங்கள் நிறைய இருந்தன. ஆகவே ஊர் தன் பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கொழும்புக்கு ஏற்றுமதி செய்தது. ‘கவண்மேந்து உத்தியோகம்’ பார்த்த கிளார்க், கணக்கர், தபால் அதிபர், ஸ்டேஷன் மாஸ்டர் எல்லோரும் கோடை விடுமுறைக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊர் வந்தது இந்தக் கோச்சியில்தான். அரசு ஊழியருக்கு ரயில் வாரண்ட் கிடைக்கும். டிக்கட் காசு மிச்சம். வாரண்ட் எழுதிக் குடும்பத்தோடு ஏறி, பொல்காவலையில் பாதை பிரிவதைப் பார்த்து, மாகோவில் தேநீர் குடித்து, அநுராதபுரம் தாண்டி வன்னிக் காட்டுக்குள் நுழைந்து, முறிகண்டிப் பிள்ளையாரை ஜன்னலில் இருந்தே கும்பிட்டு, ஆனையிறவில் உப்பளங்கள் தெரிந்ததும் பிள்ளைகளுக்குச் சட்டையை மாற்றிவிடுவது ஒரு தலைமுறையின் வழக்கம்.

வண்டி திரும்பும்போது வெறுமனே திரும்பவில்லை. காங்கேசன்துறையில் 1950-இலிருந்து சீமெந்து ஆலை ஓடியது. ஆனையிறவில் உப்பு. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை. வெங்காயம், புகையிலை, மாம்பழம். வடபாதையின் சரக்குக்குக் குறையே இல்லை. சீமெந்து மாதிரி கனமான, மலிவான, நெடுந்தூரம் போகிற பொருளுக்கு ரயிலை மிஞ்சிய வாகனம் கிடையாது என்பது பொருளியலின் பால பாடம். ஒரு பாதை பிழைத்து நிற்க வேண்டிய எல்லாமே இங்கே இருந்தன: இரு முனையிலும் ஊர், இடையில் தொழிற்சாலை, வருடம் முழுக்கப் பயணி.

பிறகு எங்கே பிசகியது? உள்நாட்டுப் போரில் என்று எல்லோரும் பட்டென்று சொல்லிவிடுவார்கள். நான் அதை முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. போர் வருவதற்கு இருபது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பே வேர் அரிக்கத் தொடங்கிவிட்டது.

முதல் அரிப்பு 1956-இன் அந்தச் ‘சிங்களம் மட்டும்’ சட்டத்தில் வந்தது. சிங்களத்தில் தேர்ச்சி காட்டினால்தான் அரசு வேலையில் ஏறலாம், சம்பள உயர்வு வாங்கலாம் என்றானபோது புதிதாகச் சேரும் தமிழர் தொகை சுருங்கியது. வாரண்டோடு கோச்சியில் ஏறிய அந்தக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை கொழும்பு உத்தியோகத்தைத் தேடவில்லை. இங்கிலாந்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பார்த்தது. ரயில்வேக்குள்ளேயும் இதேதான். நிலைய அதிபர்களிலும் எழுதுவினைஞர்களிலும் தமிழர் நிறையப் பேர் இருந்த திணைக்களம் அது. வேலை தெரிந்த ஆட்கள் ஓய்வு பெற்றார்கள். அந்த இடத்துக்கு ஊரிலிருந்து ஆள் வரவில்லை.

இரண்டாவது, பயம். 1958 மே மாதம் வவுனியாவில் தமிழரசுக் கட்சி மாநாடு. அதற்குப் போகிறவர்கள் இருப்பார்கள் என்று பொலன்னறுவை நிலையத்தில் ரயிலை மறித்துத் தமிழரைத் தேடி அடித்தது ஒரு கும்பல். மறுநாள் இரவு ஏறாவூர் அருகே மட்டக்களப்பிலிருந்து போன ரயில் தடம்புரட்டப்பட்டது. நாடெங்கும் கலவரம் பரவியது. 1977 ஆகஸ்டில் அநுராதபுரம் நிலையம் இதே மாதிரிக் காட்சியைக் கண்டது. ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் தெற்கிலிருந்து வடக்கே அகதிகள் வந்தார்கள். சாதாரண பயணியின் மனதில் வழியில் உள்ள நிலையங்களின் பெயர்கள் இடங்களாக இல்லாமல் ஆபத்துகளாகப் பதிந்தன.

மூன்றாவது அரிப்பு நாடு முழுமைக்கும் பொது. ரம்பால 1970-இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஏழாண்டு அந்நியச் செலாவணி பஞ்சம். உதிரிப் பாகத்துக்கு டாலர் கிடையாது. களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய பாதை அவிசாவளைக்கு அப்பால் 1970-களில் மூடப்பட்டது. 1977-இல் சந்தை திறந்தபோது வேனும் லாரியும் தனியார் பஸ்ஸும் வெள்ளமாக இறங்கின. அரசாங்கமோ ரயில் கட்டணத்தை ஏற்றவும் துணியவில்லை, குறைந்த கட்டணத்தால் விழுந்த பள்ளத்தை நிரப்பவும் பணம் ஒதுக்கவில்லை. இரண்டில் ஒன்றைச் செய்திருந்தால் பிழைத்திருக்கும். இரண்டையும் செய்யாமல் விட்டால் ஒரு ரயில்வே எந்த ஆண்டில் செத்தது என்றுகூடச் சொல்ல முடியாதபடி மெல்லத் தேயும்.

1980 ஜூலையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இரத்மலானை ரயில்வேப் பட்டறையில் தொடங்கிய வேலைநிறுத்தம் நாடு தழுவியதாக மாறியது. ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன வேலைக்குத் திரும்பாத ஏறத்தாழ 40,000 அரசு ஊழியர்களை ஒரே வீச்சில் வேலையிலிருந்து நீக்கினார். தொழிற்சங்க வரலாற்றில் அது பெரிய அத்தியாயம். ரயில்வே வரலாற்றில் அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஒரு பட்டறையில் இருபது வருடம் எஞ்சின் பிரித்துப் பூட்டிய ஆள் போனால், அவர் காதால் கேட்டுக் கண்டுபிடித்த கோளாறுகளும் அவரோடு போய்விடும். அந்த அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. போர் தொடங்குவதற்கு மூன்று வருடம் முன்பு இலங்கை ரயில்வே தன் கையாலேயே தன் கைகளை வெட்டிக்கொண்டது.

1983-க்குப் பிறகு யாழ்தேவியில் படையினரும் ஏறினார்கள். வடக்கு முகாம்களுக்கு ஆள் அனுப்ப அரசுக்கு அதுதான் சுலபமான வழி. பயணிகளும் சிப்பாய்களும் ஒரே வண்டியில் போனதால் வண்டியே இலக்கானது. 1985 ஜனவரி 19 அன்று முறிகண்டிப் பக்கத்தில் தண்டவாளத்துக்கு அடியில் வைத்த வெடி யாழ்தேவியைத் தூக்கி எறிந்தது. படையினரும் சாதாரண சனங்களுமாக 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பொதுமக்கள் ஏறும் ரயிலில் படையை ஏற்றியது குற்றம். படை இருக்கிறது என்று பொதுமக்களோடு சேர்த்து வெடிவைத்ததும் குற்றம். ஒன்றைச் சொல்லி மற்றதை மூடும் எழுத்து இரு பக்கமும் நிறைய இருக்கிறது.

அதற்குப் பின் ரயில் விட்டுவிட்டு ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. இந்திய அமைதிப் படை வந்து போனது. 1990 ஜூனில் மறுபடி போர் மூண்ட அந்த வாரத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டதுதான் கடைசி ரயில். அது கடைசி ரயில் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. நிலைய அதிபர் வழக்கம்போல டாப்லெட்டை எடுத்துக் கொடுத்திருப்பார்.

டாப்லெட் என்றால் என்னவென்று இளைய வாசகருக்குச் சொல்லிவிடுகிறேன். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில் மோதாமல் இருக்க, இரண்டு நிலையங்களுக்கு நடுவேயுள்ள துண்டுக்கு ஒரே ஒரு உலோக வில்லையைத்தான் ஒரு நேரத்தில் வெளியே எடுக்க முடியும். இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் ஒன்றையொன்று பூட்டி வைத்திருக்கும். அந்த வில்லை கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த துண்டுக்குள் எஞ்சினை விடமாட்டார். பெரிய வளையம் கோத்த தோல் பையில் அதைப் போட்டு, ஓடுகிற எஞ்சினிலிருந்து பழையதை வீசி, நிலையத்தில் நீட்டிப் பிடித்திருக்கும் புதியதைக் கைநுழைத்து வாங்குவார்கள். கொடிகாமத்திலும் சாவகச்சேரியிலும் ரயில் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு வேடிக்கையே அதுதான். இரு முனையும் பேசிக்கொண்டால்தான் வேலை செய்யும் ஏற்பாடு அது. 1990-க்குப் பிறகு மறுமுனையில் ஆள் இல்லை.

அதன்பின் நடந்தது மிகச் சில நாடுகளின் ரயில்வேக்கே நேர்ந்திருக்கும். குண்டு விழுந்து பாதை சிதைவது எல்லாப் போரிலும் உண்டு. இங்கே பாதையைப் பிடுங்கிக் கொண்டுபோனார்கள். விடுதலைப் புலிகளும் எடுத்தார்கள், அரசுப் படையும் எடுத்தது. காரணம் பங்கர். எறிகணைக்குத் தாங்கும் பங்கர் கட்ட, குழி தோண்டி, பக்கச் சுவருக்குச் சிலிப்பர் கட்டை அடுக்கி, கூரைக்குக் குறுக்கே தண்டவாளத்தைப் போட்டு, அதன் மேல் மறுபடி கட்டை, அதற்கு மேல் மண்மூட்டை. தண்டவாளம் கிடைக்காத இடத்தில் பனங்குற்றி. குடாநாட்டில் பனைகள் மொட்டையாக நின்றதும் அதே காலத்தில்தான். ஒரு முழுத் தண்டவாளத்தை நாலு பேர் தூக்க முடியாது, பத்துப் பேராவது வேண்டும். ஆக இது கைக்கு அகப்பட்டதைத் திருடிய கதை அல்ல. ஆள் வைத்து, ஒழுங்காக, வருடக்கணக்கில் நடந்த வேலை. கிலோமீட்டருக்கு 1,500 கட்டை என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், வவுனியாவுக்கு வடக்கேயுள்ள ஓமந்தையிலிருந்து காங்கேசன்துறை வரையான 146 கிலோமீட்டருக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் வருகிறது. அத்தனையும் மண்ணுக்குள் போயின.

தண்டவாளம் போன பிறகு மிஞ்சியது மேடு. சுற்றிலும் மழைத் தண்ணீர் நின்றாலும் ரயில் பாதை இருந்த மேட்டில் நிற்காது. ஆகவே அதில் சனங்கள் நடந்தார்கள், சைக்கிள் விட்டார்கள். இடம்பெயர்ந்த குடும்பங்கள் ரயில்வே காணியில் குடிசை போட்டன. கூரை போன நிலையக் கட்டடங்களுக்குள் அடுப்பு எரிந்தது. யாழ்ப்பாணம் நிலையம் சுவரும் வளைவும் மட்டுமாக நின்றது; மேடைக்கும் மேடைக்கும் நடுவே மரம் முளைத்தது. குடாநாட்டிலிருந்து வெளியேற வேண்டியவர்கள் கிளாலிக் கடல்நீரேரியில் இருட்டில் படகேறினார்கள். பிறகு கப்பல், பிறகு விமானம். யாழ்தேவி மட்டும் தன் பெயரை மாற்றிக்கொள்ளாமல் கொழும்பிலிருந்து வவுனியா வரை ஓடிக்கொண்டே இருந்தது. யாழ்ப்பாணத்தைக் காணாத யாழ்தேவி! இருபத்துநாலு வருடம். மேற்கே மதவாச்சியில் பிரிந்து தலைமன்னார் போகும் பாதைக்கும் இதே கதி. மடு மாதா திருவிழாவுக்குப் போகிறவர்கள் ரயிலை மறந்தே போனார்கள்.

2009 மே மாதம் போர் முடிந்தது. ‘உத்துரு மித்துரு’ என்ற பெயரில் அரசு ஒரு நிதித் திட்டம் தொடங்கி வடபாதைக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டியது. நல்லெண்ணம்தான். ஆனால் உண்டியல் பணத்தில் 250 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடியாது. பணம் இந்தியாவிலிருந்து வந்தது, தானமாக அல்ல, கடனாக. தெற்கே கரையோரப் பாதையைச் செப்பனிட்டதையும் சேர்த்து ஏறத்தாழ 800 மில்லியன் டாலர். வேலையைச் செய்ததும் இந்திய அரசு நிறுவனமான இர்கான்.

முதலில் கண்ணிவெடி அகற்றும் குழுக்கள். பிறகு காணியில் குடியிருந்தவர்களை எழுப்பும் வேலை. அது எங்குமே சுமுகமாக நடக்கும் காரியமில்லை. பிறகுதான் கல்லும் கான்கிரீட் சிலிப்பரும். 2011-இல் ஓமந்தை. 2013 மே மாதம் மடு றோட். செப்டம்பரில் கிளிநொச்சி. 2014 மார்ச்சில் பளை. அக்டோபர் 13, யாழ்ப்பாணம்; ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச தாமே ரயிலில் வந்து இறங்கினார். 2015 ஜனவரி 2, காங்கேசன்துறை. ஆறு நாள் கழித்து ஜனாதிபதித் தேர்தல். அதில் அவர் தோற்றார், வடக்கு அவருக்கு எதிராகத்தான் வாக்களித்தது. தண்டவாளத்துக்கும் வாக்குக்கும் நேர்கணக்கு போட்டவர்கள் யாழ்ப்பாணத்தாரை அறியாதவர்கள். மார்ச் 14-இல் தலைமன்னார் ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டியது இந்தியப் பிரதமர் மோடி. ஓமந்தை–பளை 90, பளை–காங்கேசன்துறை 56, மதவாச்சி–மடு 43, மடு–தலைமன்னார் 63; கூட்டினால் 252 கிலோமீட்டர். பிரிட்டிஷார் குருநாகலிலிருந்து காங்கேசன்துறை வரை போட எடுத்ததும் கிட்டத்தட்ட இதே அளவு காலம்தான்.

யாழ்ப்பாணம் நிலையத்தைப் பழைய வடிவிலேயே கட்டினார்கள். டாப்லெட் திரும்பி வரவில்லை. வண்ண விளக்குச் சிக்னலும் கணினிக் கட்டுப்பாடும் வந்தன. ஆனால் இருபத்துநாலு வருடம் ரயிலே பார்க்காத ஊரில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டிருந்தது. தண்டவாளத்தைக் கடக்கும்போது இரு பக்கமும் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு வீட்டில் சொல்லித் தரப்படவில்லை. காவல் இல்லாத கடவைகளில் மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் அடிபட்டன. கடவைக்கு ஆள் போட்டார்கள். ஆனால் ரயில்வே ஊழியராக அல்ல, போலீஸுக்குக் கீழே தற்காலிகக் கூலிகளாக, நாளுக்கு 250 ரூபாய்க்கு. அந்தக் கூலியை வைத்துக்கொண்டு அவர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். நூற்றுக்கணக்கான மில்லியன் டாலர் கடன் வாங்கிய திட்டத்தில் கேட் சாத்துகிறவருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பது எனக்கு இன்னும் புரியாத கணக்கு.

காங்கேசன்துறையின் கதை வேறு. அங்கே ரயில் போய்ச் சேர்ந்தபோது சுற்றியிருந்த ஊர் சேரவில்லை. வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக 1990-இலிருந்தே படையின் கையில். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர் தன் தகப்பன் வீடு இருந்த காணியை முள்வேலிக்கு அப்பால் பார்த்துக்கொண்டே போனார். இறங்கி உள்ளே போக முடியாது. காணிகள் பிறகு துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன, இன்னும் முழுதாக முடியவில்லை. சீமெந்து ஆலை 1990-இல் நின்றது நின்றதுதான். பழைய பாதைக்கு உயிர் கொடுத்த அந்தக் கனமான சரக்கு புதிய பாதைக்கு இல்லை. பயணிகள் மட்டும் வந்தார்கள், அவர்களிலும் பாதிப் பேரை வெள்ளவத்தையிலிருந்து இரவில் புறப்படும் சொகுசு பஸ்கள் முன்பே பிடித்து வைத்திருந்தன. ஏ9 வீதி திறந்ததும் வந்த பஸ்கள் அவை. வீட்டு வாசல் பக்கம் ஏற்றி ஊர்ச் சந்தியில் இறக்கும். ரயில் ஐந்தாறு வருடம் பிந்தி வந்து அவற்றோடு போட்டி போட வேண்டியிருந்தது. நாடளவிலும் இன்றைக்குச் சரக்குப் போக்குவரத்தில் ரயிலின் பங்கு நூற்றுக்கு ஓரிரண்டுதான்.

இனி நான் ஆரம்பத்தில் சொன்னதற்கு வருகிறேன், போர் மட்டுமே காரணமில்லை என்றதற்கு. 2015-க்குப் பிறகு கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போனவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். ரயில் தெற்கே குலுங்கிக் குலுங்கி மெதுவாகப் போகும். ஓமந்தை தாண்டியதும் சத்தம் அடங்கி வேகம் எடுக்கும். போர் கிழித்த பகுதியில் பாதை புத்தம் புதிது. போர் கிழிக்காத பகுதியில் பழையது, நூறாண்டு கண்ட படுகையின் மேல் காலங்காலமாக ஒட்டுப்போட்டு ஓட்டியது. மாகோவுக்கும் வவுனியாவுக்கும் நடுவே புலிகள் தண்டவாளத்தைக் கழற்றவில்லை, படை பங்கர் கட்டவில்லை. அங்கே பராமரிப்புக்கு ஒதுக்காத பணம் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்திருந்தது.

மாகோவிலிருந்து ஓமந்தை வரையான 128 கிலோமீட்டரையும் கடைசியில் பிரித்துப் போட வேண்டிவந்தது. மறுபடியும் இந்தியக் கடன், ஏறத்தாழ 91 மில்லியன் டாலர், மறுபடியும் இர்கான். நாடு 2022-இல் கடன் கட்ட முடியாமல் கைவிரித்து, பெட்ரோல் வரிசையில் நின்றவர்கள் ரயில் கூரையைப் பார்த்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியில் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் நடுவே பாதை மூடப்பட்டது. ஜூலையில் திறந்தது, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்கு. மாகோ–அநுராதபுரம் துண்டுக்கு 2024-இன் பெரும்பகுதி பிடித்தது. ஆக யாழ்தேவி மீண்டும் நின்றது. இந்தமுறை யாரும் வெடிவைக்கவில்லை.

2025 ஏப்ரல் 6 அன்று மோடி அநுராதபுரத்தில் அந்தப் பாதையைத் தொடங்கிவைத்துவிட்டு, அங்கிருந்து ஹெலிகாப்டரில் போய், ராமேஸ்வரத்தில் புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தார். 1914-இல் பழைய பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் ஒரே திட்டத்தின் இரு கைகளாகப் பிறந்தவை. எழும்பூரில் ஒரே டிக்கட் எடுத்தால் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போகலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கடலுக்குக் கொடுத்தது. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களின் முற்பகுதியில் நின்றுபோனது. இப்போது இரண்டு கரையிலும் பாதை புதிது. நடுவே உள்ள முப்பது கிலோமீட்டர்க் கடலுக்குத்தான் வழி இல்லை. ராமேஸ்வரம்–தனுஷ்கோடிப் பாதையை மறுபடி போட 2019-இல் அடிக்கல் நாட்டியதோடு சரி. 2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். நின்று, 2024-இல் மறுபடி தொடங்கியது. அதில் வருகிறவர் துறைமுகத்திலிருந்து ரயில் நிலையத்துக்குப் போக ஆட்டோ பிடிக்க வேண்டும். கப்பலின் நேரமும் ரயிலின் நேரமும் ஒன்றையொன்று கேட்டு வைத்தவை அல்ல. 1914-இல் தந்திக் கம்பியை வைத்துக்கொண்டு இரண்டு ரயில்வேக்கள் செய்த காரியம் அது.

அடுத்த இதழில் தெற்கே போவோம். 2004 டிசம்பர் 26 காலையில் பெரலியவில் அலை புரட்டிப்போட்ட மாத்தறை ரயிலும், அதை இழுத்த மனிடோபா எஞ்சினும், வெளிநாட்டுக் கடனுக்குக் காத்திராமல் இரண்டே மாதத்தில் கரையோரப் பாதையை மறுபடி ஓடவைத்த ரயில்வேத் தொழிலாளரும்.

(தொடரும்)